டிரிகரை இளக்கப் போகிறவர்களுக்கு

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கிட்டு, காரைக்குடி சுத்துவட்டாரத்தில் நாலு ஏக்கர், அஞ்சு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறவர்கள் இப்போ நிறைய. சிலருக்கு அது தாத்தா வழியில் வந்த நிலம். சனி, ஞாயிறு வந்து கடலை போடுகிறார்கள், மா கன்று வைக்கிறார்கள். சந்தோஷம். நிலத்தைத் தரிசாகப் போட்டு வைப்பதற்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் இவர்களில் சிலரிடம் கொஞ்ச நாளா ஒரு பேச்சு கேட்கிறேன். "அண்ணே, எங்க வீட்ல பாயிண்ட் டூ டூ ரைஃபிள் ஒண்ணு லைசென்ஸோட கெடக்கு. டிரிகர் ரொம்பக் கெட்டி. அமெரிக்காவுல இதுக்குன்னே தனியா பார்ட்ஸ் விக்கிறான். வாங்கி மாட்டிட்டா தொட்டா வெடிக்கும். அரைமணி நேர வேலை, வீடியோவே இருக்கு. காட்டுப்பன்னிக்கு ஒரு வழி பண்ணிரலாம்."

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் டிரிகர் என்றால் என்ன என்று பார்ப்போம். பழைய செட்டிநாட்டு வீட்டுக் கதவில் கொண்டி இருக்கும் இல்லையா, அது மாதிரிதான். துப்பாக்கிக்குள் ஒரு சுத்தியலோ ஊசியோ ஸ்பிரிங் பலத்தில் பாயத் தயாராக நிற்கும். அதை ஒரு சின்னக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். நாம் டிரிகரை இழுத்தால் கொக்கி நழுவும், ஊசி பாயும், தோட்டா வெடிக்கும். கொக்கி எவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கிறது, ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி, இரும்போடு இரும்பு உரசும் இடம் எவ்வளவு வழுவழுப்பு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நம் விரலுக்குத் தெரிகிற 'கெட்டி'.

அந்தக் கெட்டியை எடையாகச் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் சுண்டுவிரலில் தூக்கிப் பாருங்கள். அது சுமாராக ஒரு கிலோ. வேட்டைக்கென்று கடையில் வருகிற ரைஃபிள்களில் பெரும்பாலும் ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வரை இழுக்க வேண்டியிருக்கும். சில மலிவான துப்பாக்கிகளில் அதற்கும் மேல். துப்பாக்கியே மூன்று கிலோ இருக்கும்போது அதன் டிரிகரை மூன்று கிலோ பலத்தில் இழுத்தால் குழல் ஆடத்தான் செய்யும், குறி விலகத்தான் செய்யும். ஆக, டிரிகர் கெட்டியாக இருந்தால் சுடுவது கஷ்டம் என்பது பொய்யில்லை. என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளை 25 கஜத்தில் சுட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். படுத்துக்கொண்டு, மணல் மூட்டையில் சாய்த்து வைத்து, மூச்சைப் பிடித்துச் சுட்டும் ஓட்டை எங்கேயோ விழுந்த ஞாபகம் இருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. ரூகர் கம்பெனி 1964-இல் 10/22 என்று ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிளைக் கொண்டு வந்தது. லட்சக்கணக்கில் விற்றது. கம்பெனி டிரிகர் சுமார்தான் என்று பேர். அதனாலேயே வேறு பல கம்பெனிகள் அதற்குச் சுத்தியல், கொக்கி, ஸ்பிரிங், முழு டிரிகர் பெட்டி என்று செய்து விற்கின்றன. ஆணியைத் தட்டி எடுத்தால் பெட்டி கழன்று வரும், புதுசை வைத்து ஆணியைத் தட்டினால் முடிந்தது. அவன் ஊரில் அவனுக்கு அது சட்டப்படி சரி. அதைப் பார்த்துவிட்டு இங்கே ஆசைப்படுவதுதான் வில்லங்கம்.

இனி சட்டம். நம் ஊரில் இதைப் படிக்காமலே பேசுகிறோம். 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே அதன் பாகங்களும் அடங்கும். டிரிகர் கொக்கி ஒன்றை வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தால் அது ஆயுத இறக்குமதி. மொபைல் கவர் வாங்குவது போல 'கார்ட்டில்' போடுகிற சமாச்சாரம் இல்லை. துப்பாக்கியை மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு. வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது என்பதால் கழற்றி மாற்ற லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5-ஆம் பிரிவை மீறினால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. அரைமணி நேர வேலைக்கு ஏழு வருஷம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"கிராமத்துல யாருண்ணே கேக்கப் போறா?" என்று ஒருவர் சிரித்தார். தம்பி, கிராமத்தில்தான் கேட்பார்கள். பள்ளத்தூரில் நீ மதியம் என்ன குழம்பு வைத்தாய் என்பதே சாயங்காலம் கோட்டையூருக்குத் தெரியும்.

அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவையும் ஒருமுறை படிக்கச் சொல்கிறேன். பயிர்க்காவலுக்கு என்று அது பேர் சொல்லிக் குறிப்பிடுவது, வாய்வழி மருந்து இடித்துப் போடுகிற பழைய துப்பாக்கியை. பாயிண்ட் டூ டூ ரைஃபிளையும் ஏர் ரைஃபிளையும் எதற்கு என்று குறிப்பிடுகிறது? ரைஃபிள் கிளப் உறுப்பினர் குறி பார்த்துப் பழகுவதற்கு. வேறு தக்க காரணம் இருந்தால் அதிகாரி லைசென்ஸ் கொடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 60 வருஷத்துக்கு முன்னால் சட்டம் எழுதியவர்களுக்கே இது காட்டுப்பன்னிக்கான சாமான் இல்லை என்று தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

சட்டத்தை விடுங்கள். தோட்டாவைப் பார்ப்போம். பாயிண்ட் டூ டூ தோட்டாவில் தீப்பிடிக்கும் மருந்து, பித்தளைக் குப்பியின் அடிவிளிம்புக்குள் பூசியிருக்கும். ஊசி விளிம்பில் போய்ப் பலமாக அடித்தால்தான் வெடிக்கும். ஈயக் குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். சுண்டுவிரல் நகம் அளவு. இதை வைத்துக்கொண்டு எண்பது கிலோ, நூறு கிலோ பன்றியைச் சுட்டால், டிரிகர் எவ்வளவு இளக்கமாக இருந்தாலும் அது அங்கேயே விழாது. காயத்தோடு ஓடும். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் புதருக்குள் போய்ப் படுக்கும். மறுநாள் விறகு வெட்டப் போகிறவர் மேல் பாயும். மனிதனுக்கும் கேடு, விலங்குக்கும் சித்திரவதை. இதில் குறி தப்பாமல் சுட்டு என்ன பிரயோசனம்?

இளக்குவதில் இன்னொரு கூத்து உண்டு. இழுவையைக் குறைக்க ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங்கையே மெலிசாக மாற்றுவார்கள். விரலுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் விளிம்பில் விழும் அடி போதாது. தோட்டா வெடிக்காது, அல்லது ஒரு கணம் தாமதித்து வெடிக்கும். 'என்னடா இது' என்று குழலைத் திருப்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கொக்கியின் பிடியைக் குறைப்பது அதைவிட மோசம். ஒரு தலைமுடி அளவுக்குத்தான் கொக்கி பிடித்திருக்கிறது என்றால், டிரிகரைத் தொடாமலே, துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே கொக்கி நழுவலாம். இது பட்டறையில் நடக்கிற தப்பு மட்டுமில்லை. ரெமிங்டன் என்கிற பெரிய அமெரிக்கக் கம்பெனி, 2006-லிருந்து 2014 வரை தன் 700 ரைஃபிளில் வைத்த ஒரு டிரிகரை 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. காரணம், ஃபேக்டரியில் ஒட்டுப்பசை கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது, தானாக வெடிக்க வாய்ப்பு இருக்கிறது என்பது. நுண்ணோக்கி வைத்துப் பார்க்கிற தொழிற்சாலையிலேயே ஒரு சொட்டுப் பசை இந்த வேலை செய்யும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து அரத்தையும் பேனா ஸ்பிரிங்கையும் வைத்துக்கொண்டு செய்யப் போகிறீர்கள்.

"ஒலிம்பிக்ல சுடுறவங்க டிரிகர் எல்லாம் இறகு மாதிரி இருக்குமாமே?" ஆமாம், இருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே ஸ்வப்னில் குசாலே, அப்போது ரயில்வே டிக்கெட் பரிசோதகர், அவர் சுட்டதும் பாயிண்ட் டூ டூ விளிம்படித் தோட்டாதான். அந்தப் போட்டி ரைஃபிளின் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று விதியே கிடையாது. ஆனால் அவர் நிற்கிற இடத்தைப் பாருங்கள். சமதளமான தரை. எதிரே தடுப்பு. குழல் எப்போதும் ஒரே திசை. சுடும் கோட்டுக்கு வந்து, உத்தரவு கிடைத்த பிறகுதான் தோட்டா உள்ளே போகும். சுடாத நேரத்தில் உள்ளே தோட்டா இல்லை என்று காட்டக் குழலுக்குள் கொடி நிற்கும். பக்கத்தில் நடுவர். கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்கு அதற்குள்ளேயே விதி இருக்கிறது: 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராமுக்குக் குறையக் கூடாது, 25 மீட்டர் பிஸ்டலுக்கு ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. எடை கட்டித் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

இப்போது நம் வயலைப் பாருங்கள். ராத்திரி பதினோரு மணி. வரப்பு ஈரம். காலில் செருப்பு வழுக்குகிறது. நெற்றியில் லைட். ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையில் நாய்ச் சங்கிலி. டி.வி.எஸ். எக்ஸ்.எல்-லில் வந்து இறங்கிய இடத்தில் முள். இந்த லட்சணத்தில் தொட்டால் வெடிக்கிற டிரிகரா?

வயலில் நாம் மட்டும் இல்லை என்பதும் டவுனிலிருந்து வருகிறவர்களுக்குச் சட்டென்று உறைப்பதில்லை. அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருப்பார்கள். ஆட்டோடு ஆடாகக் கீதாரியும் அவர் பெண்டு பிள்ளைகளும் திறந்தவெளியில் படுத்திருப்பார்கள். விளக்குகூட இருக்காது. விடியக்காலையில் கடலை பிடுங்கப் பெண்கள் வருவார்கள். ஆச்சி கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடிக்க நடக்கிற ரோடு நம் வயலை ஒட்டித்தான் போகிறது. பழைய துப்பாக்கியின் ரவை சில நூறு மீட்டரில் சக்தி இழந்து விழுந்துவிடும். பாயிண்ட் டூ டூ குண்டு குறி தப்பி மேலே போனால் ஒன்றரை கிலோமீட்டர் வரைகூடப் போகும். தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. நம் செம்புறாங்கல்லில் பட்டாலும் தெறிக்கும், கண்மாய்த் தண்ணீரில் சாய்வாகப் பட்டாலும் தெறிக்கும். 'சின்னத் துப்பாக்கிதானே' என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

நான் இதை வலியுறுத்துவதற்கு முக்கியமான காரணம் வேறு. உங்கள் துப்பாக்கியைத் தொடுவது உங்கள் விரல் மட்டும் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16-இல் நடத்தை விதி வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இல் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். எண்ணிக்கை ஜூன் 4. அத்தனை நாள் துப்பாக்கி அங்கே மற்ற துப்பாக்கிகளோடு சாய்ந்து நிற்கும். யாரோ ஒரு காவலர் தூக்குவார், அடுக்குவார், சரிபார்க்க இழுத்துப் பார்ப்பார். அவர் கைக்குப் பழக்கம் இரண்டு கிலோ டிரிகர். நீங்கள் ரகசியமாக அரைக் கிலோ ஆக்கி வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு உங்கள் காலத்துக்குப் பிறகு மகனோ மருமகனோ பேர் மாற்றி எடுத்துக்கொண்டு வருவார்களே, அவர்களுக்கு யார் சொல்வது? கம்பெனி வைத்த டிரிகர் சுமாராக இருந்தாலும் இன்னது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் மாற்றியது உங்களுக்கு மட்டும் தெரிந்தது. தப்பு அங்கேதான் இருக்கிறது.

எதிர்க்கேள்வி ஒன்று நியாயமானது. "கெட்டி டிரிகரும் ஆபத்துதானே? குறி விலகினால் குண்டு எங்கேயாவது போகும்தானே?" போகும். அதனால்தான் கெட்டி டிரிகரைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. திருட்டுத்தனமாக இளக்காதீர்கள் என்கிறேன். பழைய ரைஃபிளில் நாம் 'கெட்டி' என்று சொல்வதில் பாதி எடையே இல்லை. வருஷக்கணக்கில் ஊற்றிய எண்ணெய் பிசினாகி, அதில் செம்மண் தூசி ஒட்டி, மணல் அரைக்கிற மாதிரி கரகரவென்று இழுக்கும். உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தாலே டிரிகர் வேறு மாதிரி ஆகிவிடும். ஸ்பிரிங் தேய்ந்திருந்தால் அவர்களே சரியானதைப் போட்டு, ரசீது தருவார்கள். அதற்குப் பிறகும் கெட்டி என்றால் மீதி பழக்கம். வெறும் துப்பாக்கியில் விரலைப் பழக்குவது எல்லாப் போட்டிக்காரர்களும் தினம் செய்கிற வேலை. ஒன்று கவனம்: பழைய விளிம்படி ரைஃபிள்களை வெறுமனே சொடுக்கினால் ஊசி குழல் விளிம்பில் இடித்துக் கெடும். பழகுவதற்கென்றே போலித் தோட்டா இருக்கிறது. சென்னை, மதுரை, கோவையில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. சேருங்கள், பழகுங்கள். சுடும் ஆசைக்கு அதுதான் இடம்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது. 1980-களின் நடுவிலிருந்து சாதாரண ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. பேர் பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான் சலுகை. ஆக, உள்நாட்டில் செய்வதை வாங்கு, இல்லையென்றால் யாரோ வைத்திருந்த பழசை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கு. போட்டியே இல்லாத சந்தையில் டிரிகரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அமெரிக்காவில் சாவேஜ் கம்பெனி 2000-களின் தொடக்கத்தில், வெளியே போய்ப் பாகம் வாங்கி மாட்டுகிற தொல்லையே வேண்டாம் என்று, தானே ஒரு டிரிகரைக் கொண்டு வந்தது. வாங்கியவரே ஒரு வரம்புக்குள் இளக்கிக்கொள்ளலாம். டிரிகருக்கு நடுவில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதையும் சேர்த்து அழுத்தினால் ஒழிய வெடிக்காது, அதிர்ந்தாலும் வெடிக்காது. பாயிண்ட் டூ டூ ரைஃபிள்களுக்கும் அதைப் போட்டார்கள். நம் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் கம்பெனிகளாக மாற்றினார்கள். கம்பெனி என்றால் வாங்குகிறவன் குறையைக் கேட்க வேண்டாமா? பாதுகாப்பான நல்ல டிரிகரைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தால், எவன் திண்ணையில் உட்கார்ந்து அரம் பிடிக்கப் போகிறான்? எங்கள் பக்கம் ஒரு ஸ்பிரிங் மாற்ற மதுரைக்கோ திருச்சிக்கோ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு உரிமம் பெற்ற பழுது பார்ப்பவர், செய்த வேலையை லைசென்ஸ் புத்தகத்திலேயே பதிகிற வழக்கம், இவ்வளவுதான் கேட்கிறேன்.

பன்றி விஷயத்துக்கும் பதில் அங்கேதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவைச் சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர், நாம் இல்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள், லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுடலாம் என்று. எது சரி என்று பேசலாம். ஆனால் உத்தரவு பேப்பரில் இருக்க, ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலையைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் விவசாயி என்ன செய்வான்? அவுட்டுக்காய் வைக்கிறான், கரண்டு வேலி போடுகிறான். மனிதர்கள் சாகிறார்கள். அந்த வரிசையில் அடுத்ததாக இளக்கின டிரிகரும் சேர வேண்டாம்.

நிலம் வாங்கியிருக்கிற நண்பர்களே, உங்களுக்கு மனு எழுதத் தெரியும், அதிகாரிகளோடு பேசத் தெரியும், எங்களைவிட உங்கள் குரல் கொஞ்சம் சத்தமாகவே கேட்கும். அந்தச் சத்தத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். பயிர் சேதத்துக்கு வனத்துறையில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராமசபையில் எழுந்து நின்று, கண்மாய்க்குள் இருக்கிற சீமைக்கருவேலத்தை எப்போது அகற்றுவீர்கள் என்று கேளுங்கள். பன்றி குடித்தனம் நடத்துவது அங்கேதான். பரணில் கிடக்கிற ரைஃபிளை அடுத்த முறை வரும்போது உரிமம் உள்ள கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கார்ட்டில் போட்டு வைத்திருக்கிற அந்த டிரிகர் பெட்டியை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.